புரொஜெக்ஷன் டிவிக்குள் கண்ணாடி உடைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டை, புளியரை, மலை தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இந்தப் பாதை நெடுக இன்னும் சில வீடுகளிலும் மன்றங்களிலும் பீரோ அளவுக்கு நிற்கும் பழைய புரொஜெக்ஷன் டிவிகள் இருக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஆசையாகக் கொண்டுவந்தவை, கால்பந்து உலகக் கோப்பை பார்க்க இளைஞர்கள் சேர்ந்து வாங்கியவை. இந்த வகை டிவியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. கடைசிவரை தாக்குப்பிடித்த மிட்சுபிஷியும் 2012 கடைசியில் நிறுத்திவிட்டது. அதனால் உள்ளே கண்ணாடி உடைந்தது என்றதுமே "அவ்வளவுதான், தூக்கிப் போடு" என்கிறார்கள். மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால் அப்படித் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் போடுகிற கண்ணாடி சரியானதாக இருக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

டிவிக்குள் கண்ணாடி எதற்கு?

பழைய வகையில் பெட்டியின் அடிப்பாகத்தில் மூன்று சின்னப் படக்குழாய்கள் இருக்கும். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. பெரும்பாலும் 7 அங்குல அளவு. ஒவ்வொன்றின் முன்னாலும் கனமான லென்ஸ். இந்த மூன்றும் மேல்நோக்கி ஒளியை அடிக்கும். பெட்டியின் பின்பக்கம் மேலே, சாய்வாகக் குனிந்தபடி நிற்கும் பெரிய கண்ணாடி அந்த ஒளியை வாங்கி முன்னால் இருக்கும் திரைக்குத் திருப்பிவிடும். திரைக்குப் பின்னாலிருந்து படம் விழுகிறது, நாம் முன்னாலிருந்து பார்க்கிறோம்.

கண்ணாடி இல்லாமல் நேராக அடிக்க வேண்டுமென்றால் பெட்டி இன்னும் ஆழமாகிப் பாதி அறையை அடைத்துவிடும். பாதையை மடக்கத்தான் கண்ணாடி. பின்னால் வந்த எல்சிடி, டிஎல்பி வகைகளில் மூன்று குழாய்க்குப் பதில் ஒரு விளக்கும் சின்ன சிப்பும் இருக்கும். அங்கேயும் ஒளியை மடக்குவது கண்ணாடிதான்.

உடைந்தது கண்ணாடிதான் என்று எப்படி உறுதி செய்வது?

பெட்டியை லேசாக நகர்த்தினால் உள்ளே கண்ணாடிச் சில்லு உருளும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். சத்தம் இல்லாவிட்டால் படத்தைப் பாருங்கள். ஒரு நேர்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் இடத்திலும் அந்தப் பக்கம் வேறு இடத்திலும் படம் முறிந்து நின்றால் கண்ணாடி. திரையில் ஒரு பகுதி மட்டும் இருண்டு மற்றப் பகுதி தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கண்ணாடித் துண்டு விழுந்திருக்கிறது.

ஒரே ஒரு நிறம் மட்டும் இல்லை என்றால் அது குழாய் அல்லது அதன் போர்டு. எல்லா உருவத்துக்கும் சிவப்பு, நீல ஓரம் பிரிந்து தெரிந்தால் கன்வர்ஜென்ஸ் கோளாறு, அதாவது மூன்று நிறப் படங்களும் ஒன்றன் மேல் ஒன்று சரியாகச் சேரவில்லை. டிஎல்பி பெட்டியில் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் மினுங்கினால் சிப் போய்விட்டது. இவற்றுக்கெல்லாம் கண்ணாடியைக் கழற்றிப் பயனில்லை.

ஓரத்தில் ஒரே ஒரு விரிசல். அப்படியே விட்டுவிடலாமா?

விரிசல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூலையில், ஒளி விழாத இடத்தில் இருந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடி லென்ஸுக்கும் திரைக்கும் நடுவழியில் இருக்கிறது. அதனால் அதன் மேலுள்ள சின்னக் கீறலோ தூசியோ திரையில் கூர்மையாக விழாது, கரைந்துபோகும். கீறல் விழுந்த கண்ணாடியோடு எத்தனையோ பெட்டிகள் நன்றாக ஓடுகின்றன.

ஆனால் விரிசலின் இருபக்கமும் ஒரே சமதளத்தில் இல்லாமல் ஒரு துண்டு லேசாகச் சாய்ந்துவிட்டால் கதை வேறு. கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் அதிலிருந்து திரும்பும் ஒளி இரண்டு டிகிரி விலகும். அங்கிருந்து திரை 70 செ.மீ. தூரம் என்றால் படம் 2 செ.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். நடுவில் அப்படி ஒரு சாய்வு இருந்தால் முகங்கள் வெட்டுப்பட்டுத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. கண்ணாடி குனிந்த நிலையில் நிற்பதால் கழன்ற துண்டு நேராக லென்ஸ் மேல்தான் விழும். பல பெட்டிகளில் லென்ஸின் மேல்பாகம் பிளாஸ்டிக். அது கீறினால் எடுக்க முடியாது. எனவே விரிசல் நடுப்பகுதிக்கு ஓடியிருந்தாலோ துண்டு ஆடினாலோ பெட்டியைப் போடாமல் நிறுத்திவையுங்கள். மூலை விரிசல் மட்டும் என்றால் கண்ணாடியின் பின்பக்கம் அகலமான நல்ல டேப் ஒட்டி, துண்டு விழாமல் பிடித்துவைத்துவிட்டு ஓட்டலாம். அதில் தவறில்லை.

கண்ணாடிக் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடியை அளவுக்கு வெட்டி மாட்டினால் என்ன?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். செலவு குறைவு, அன்றைக்கே கிடைக்கும், படமும் வரும். ஆனால் அந்தப் படத்தோடு நிழல்போல மங்கலான இரண்டாவது படம் ஒன்றும் சேர்ந்து வரும்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கிறது, அதன் மேல் பெயின்ட். முன்னால் இருப்பது வெறும் கண்ணாடி. ஒளி வரும்போது அந்த வெறும் முகப்பிலேயே 100-க்கு 4, 5 பங்கு திரும்பிவிடும். மிச்சம் உள்ளே போய் ரசத்தில் பட்டுத் திரும்பும். இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து கிளம்புவதால் திரையில் ஒன்றன் மேல் ஒன்று விழாது. 3 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி 45 டிகிரிச் சாய்வில் இருந்தால் இடைவெளி 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். 50 அங்குலப் பழைய பெட்டியில் படத்தின் ஒரு வரியின் உயரம் 1.3 மி.மீ. போலத்தான். அப்படியானால் நிழல் ஒன்றரை வரிக்கு மேல் தள்ளி விழுகிறது.

குளியலறைக் கண்ணாடியில் இந்த இரட்டை நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் நேராக நின்று பார்க்கிறோம். டிவியில் சாய்வாக அடிப்பதால்தான் வெளியே வருகிறது. கண்ணாடி மேலும் கீழுமாகச் சாய்ந்திருப்பதால் நிழலும் மேலே அல்லது கீழேதான் தள்ளும். செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்தைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு எழுத்துக்கும் மங்கலான இன்னோர் எழுத்து ஒட்டிக்கொண்டே ஓடும். இருட்டுப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் கண் வலிக்கும். மெல்லிய கண்ணாடி போட்டால் நிழல் நெருங்கும், ஆனால் போகாது. 2 மி.மீ. கண்ணாடியை அந்த அகலத்துக்கு வெட்டி மாட்டினால் தன் எடையிலேயே தொய்ந்து படத்தை வளைக்கும் அபாயமும் உண்டு.

அதனால்தான் இந்தப் பெட்டிகளில் ரசம் கண்ணாடியின் முன்பக்கத்தில் பூசப்பட்டிருக்கும். பெரும்பாலும் அலுமினியப் பூச்சு. ஒளி கண்ணாடிக்குள் போகவே போகாது. ஃபிரண்ட் சர்ஃபேஸ் மிர்ரர் என்று கேட்டால் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். இங்கே முன்பூச்சுக் கண்ணாடி என்றே எழுதுகிறேன்.

கையிலிருப்பது முன்பூச்சுக் கண்ணாடிதானா என்று எப்படித் தெரியும்?

ஒரு தாளை எடுங்கள். கூர்மையான மூலையைக் கண்ணாடியின் ஓரத்தில் மெதுவாகத் தொடவையுங்கள். சாதாரணக் கண்ணாடியில் தாளின் நுனிக்கும் பிம்பத்தின் நுனிக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். முன்பூச்சுக் கண்ணாடியில் இரண்டு நுனியும் ஒட்டிக்கொள்ளும், இடைவெளியே இருக்காது. நகத்தையோ பேனாவையோ வைத்துப் பார்க்காதீர்கள், பூச்சில் கோடு விழும்.

ஆறன்முளைக் கண்ணாடி பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். புனலூர் தாண்டிப் பத்தனம்திட்டை வழியாகப் போனால் பம்பைக் கரையில் ஆறன்முளை. அங்கே செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, உலோகத்தையே பளபளவென்று தேய்த்து எடுக்கிறார்கள். அதில் கண்ணாடியே கிடையாது, உலோகத்தின் முகப்பிலேயே பிம்பம். விரலை வைத்தால் பிம்பத்தின் விரல் வந்து தொடும். அந்தக் கைவினைஞர்களின் முன்னோர் பார்த்தசாரதி கோயில் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. டிவிக்குள் இருப்பது அதே தத்துவம்தான். அங்கே உலோகத்தைத் தேய்த்து எடுக்கிறார்கள், இங்கே கண்ணாடிமேல் உலோகத்தைப் படியவைக்கிறார்கள்.

அப்படியானால் ஆறன்முளையில் டிவிக்கு ஒன்று செய்து வாங்க முடியுமா?

முடியாது. அவை உள்ளங்கை அகலம், கொஞ்சம் கூடினால் முகம் அளவு. டிவிக்கு வேண்டியது முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் அகலம். அந்த அளவுக்கு உலோகத்தை வார்த்துச் சமமாகத் தேய்ப்பது நடக்காத காரியம், எடையையும் பெட்டி தாங்காது.

சரி, முன்பூச்சுக் கண்ணாடி எங்கே கிடைக்கும்?

மிக நல்ல வழி, வேறு காரணத்துக்காகச் செத்துப்போன இன்னொரு புரொஜெக்ஷன் டிவி. குழாய் மங்கிப்போனது, கன்வர்ஜென்ஸ் போர்டு எரிந்துபோனது, விளக்கு கிடைக்காமல் ஓரம் கட்டியது என்று ஏதாவது ஒன்று பழைய இரும்புக் கடையிலோ யாராவது வீட்டு மாடியிலோ இருக்கும். அதன் கண்ணாடி நன்றாகவே இருக்கும். உங்கள் பெட்டியைவிடப் பெரிய அளவுள்ள பெட்டியின் கண்ணாடி என்றால் வெட்டிக்கொள்ளலாம், சிறியதை ஒன்றும் செய்ய முடியாது. பெரிய கன்ட்ரோல் ரூம்களில் சுவர் முழுக்க அடுக்கிவைத்திருந்த வீடியோ வால் பெட்டிகள் பலவற்றிலும் இந்த மாதிரிக் கண்ணாடி உண்டு. கழித்துக்கட்டும்போது ஏலத்தில் வரும். ஜெராக்ஸ் மெஷினிலும் ஸ்கேனரிலும் இருப்பதும் முன்பூச்சுக் கண்ணாடிதான், ஆனால் விரலளவு அகலத்தில் நீளப் பட்டையாக இருக்கும், இதற்கு ஆகாது.

இரண்டாவது வழி புதிதாகப் பூசி வாங்குவது. டெலஸ்கோப் கண்ணாடிகளுக்கு வெற்றிட அறையில் வைத்து அலுமினியம் பூசுவார்கள். காவலூரில் 1986-ல் திறந்த வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.3 மீட்டர் கண்ணாடிக்கும் முன்பக்கம் அலுமினியப் பூச்சுத்தான், மங்கும்போது அழித்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறார்கள். அந்த மாதிரி வேலையைச் சிறிய அளவில் செய்துகொடுக்கும் பட்டறைகள் பெருநகரங்களில் உண்டு. கேட்கும்போது முதல் கேள்வியே அவர்களின் வெற்றிட அறைக்குள் எத்தனை செ.மீ. கண்ணாடி நுழையும் என்பதாக இருக்கட்டும். பலரிடம் சின்ன அறைதான் இருக்கும்.

கொண்டுவருவது தனிப் பாடு. 90 செ.மீ.க்கு 60 செ.மீ., 3 மி.மீ. தடிமன் என்றால் எடை 4 கிலோதான், தூக்க ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் ஆரியங்காவு மலைப்பாதையின் வளைவுகளில் படுக்கவைத்து ஏற்றினால் நடுவில் அதிர்ந்து உடையும். நிற்கவைத்து, இருபக்கமும் தெர்மாகோல் கொடுத்து, பலகைச் சட்டத்தில் கட்டி ஏற்றுங்கள். பூச்சுப் பக்கம் எது என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள். இறக்குகிறவருக்குத் தெரியாது, துணியால் நன்றாகத் துடைத்துக் கொடுத்துவிடுவார்.

கண்ணாடிக் கடையில் வெட்டித் தருவார்களா?

தருவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். வைரக் கோடு பூச்சில்லாத பின்பக்கத்தில்தான் போட வேண்டும். பூச்சுப் பக்கம் கீழே இருக்கும், அதன் அடியில் மணல் துகள்கூட இல்லாத மெத்தென்ற விரிப்பு வேண்டும். வெட்டும் மேஜையில் எப்போதும் கண்ணாடித் தூள் கிடக்கும் என்பதால் விரிப்பை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். பாதுகாப்புப் படலம் ஒட்டி வந்திருந்தால் பொருத்தி முடிக்கும்வரை உரிக்க வேண்டாம். வெட்டும் சக்கரத்துக்குப் போடும் மண்ணெண்ணெய் பூச்சுப் பக்கம் வழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அளவை டேப் வைத்து எடுத்துக் கொடுக்காதீர்கள். இந்தக் கண்ணாடிகள் பெரும்பாலும் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். உடைந்த துண்டுகளைச் செய்தித்தாள்மேல் பழையபடி அடுக்கிச் சுற்றிலும் கோடு வரையுங்கள். அதைக் கெட்டி அட்டையில் வெட்டியெடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். அட்டை பிடிப்பில்லாமல், பக்கத்துக்கு ஒரு மி.மீ. இடம்விட்டு உட்கார்ந்தால் அதுதான் அளவு. வெயிலில் கண்ணாடியும் சட்டமும் ஒரே மாதிரி விரியாது, இறுக்கமாகத் திணித்தால் ஒரு நாள் மூலையில் விட்டுவிடும்.

என் பெட்டிக்குள் கண்ணாடியே இல்லை, பளபளப்பான தாள் மாதிரி ஏதோ கிழிந்திருக்கிறது.

அது பாலியஸ்டர் படலம். அலுமினியம் பூசிய அந்தப் படலத்தைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். எடை குறையும் என்பதற்காகச் சில பெரிய பெட்டிகளில் இப்படிச் செய்தார்கள். கிழிந்தால் ஒட்ட முடியாது. ஒட்டிய இடத்தில் படம் அலை அலையாக நெளியும். வேறு படலம் வாங்கி வீட்டில் இழுத்துக் கட்டிச் சமதளமாக்குவதும் கஷ்டம். அதே மாடல் பெட்டியிலிருந்து சட்டத்தோடு எடுத்து மாட்டுவதே நல்லது. கண்ணாடியாக மாற்றுவதென்றால் இரண்டு விஷயம் பாருங்கள்: அந்தச் சட்டமும் திருகுகளும் 4, 5 கிலோ தாங்குமா என்பது ஒன்று, புதிய பூச்சு முகப்பு பழைய படலம் இருந்த அதே தளத்தில் நிற்குமா என்பது இன்னொன்று. முன்னே பின்னே போனால் படத்தின் அளவும் கூர்மையும் மாறும்.

மெல்லிய டிஎல்பி பெட்டிகள் சிலவற்றில் கண்ணாடி வளைவாக இருக்கும். அதற்குத் தட்டைக் கண்ணாடி எதுவும் பொருந்தாது. அதே மாடலின் பாகம் கிடைத்தால் உண்டு.

கண்ணாடிமேல் வெள்ளி ஸ்டிக்கர், காருக்கு ஒட்டும் ஃபிலிம், அலுமினியத் தாள்?

எதுவும் ஆகாது. கையால் தடவினால் வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒட்டும் பசையின் மேடுபள்ளம் முழுக்கப் படத்தில் வரும், எழுத்தே படிக்க முடியாது.

பழைய முகக்கண்ணாடியின் பின்பக்கப் பெயின்டை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திருப்பி மாட்டலாம் என்கிறார்களே?

கைக்கண்ணாடி அளவில் செய்து பார்க்கலாம். பெயின்டைக் கரைக்கும்போது ரசமும் சேர்ந்து போகும், போகாத இடத்தில் கோடு கோடாக நிற்கும். டிவி அளவில் முழுக்கச் சுத்தமாக எடுத்தாலும் காப்பில்லாத ரசம் நம் ஊர்ச் சாரல் ஈரத்தில் சீக்கிரம் கறுத்துவிடும். நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நானே பெட்டியைத் திறக்கலாமா?

ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழக்கம் உள்ளவர், உதவிக்கு இன்னோர் ஆள் இருக்கிறார் என்றால் கண்ணாடி வேலையை மட்டும் செய்யலாம். கீழே போர்டு இருக்கும் பக்கம் கையே போகக் கூடாது. படக்குழாய்களுக்கு 30,000 வோல்ட் அளவில் மின்சாரம் போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின்சாரம் தங்கியிருக்கும். தடித்த வயர் போய்ச் சேரும் ரப்பர் மூடியைத் தொடாதீர்கள். அதை டிஸ்சார்ஜ் செய்வது தெரிந்தவர் வேலை.

திரையைக் கழற்றினால் அதை வெயிலில் வைக்கவே கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். திரையின் உள்தகடு ஒரு பெரிய ஃப்ரெனெல் லென்ஸ். முற்றத்தில் சுவரில் சாய்த்துவைத்தீர்கள் என்றால் வெயிலைக் குவித்து எதிரே இருக்கும் துணியையும் மரத்தையும் பற்றவைத்துவிடும். குழந்தைகள் ஓடியாடும் இடம் என்றால் சொல்லவே வேண்டாம். அறைக்குள், ஜன்னலை விட்டுத் தள்ளி, போர்வை போர்த்தி வையுங்கள். அதே காரணத்தால் திறந்து கிடக்கும் பெட்டியின் லென்ஸ் மேலும் வெயில் விழக் கூடாது.

பெட்டியைப் படுக்கவைக்காதீர்கள். குழாய்க்கும் லென்ஸுக்கும் நடுவே குளிர்விக்கும் திரவம் இருக்கிறது, கிளைக்கால் கலந்தது. பழைய ரப்பர் வளையம் வழியாகக் கசிந்து போர்டில் இறங்கினால் பெட்டி முடிந்தது. அந்தத் திரவம் விஷம். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தரையில் சிந்தினால் நாய், பூனை நக்காமல் உடனே துடையுங்கள்.

கழற்றிப் பொருத்தும் வரிசை என்ன?

மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் பின்மூடியின் மேல்பாதியைக் கழற்றினால் கண்ணாடி அதோடு சேர்ந்தே வரும். வேறு சிலவற்றில் முன்னால் ஸ்பீக்கர் வலையை எடுத்து, திரைச் சட்டத்தின் திருகுகளைக் கழற்றித் திரையைத் தூக்கி எடுத்தால்தான் உள்ளே கை போகும். திரையின் தகடுகளைத் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். எது முன், எது பின், எது மேல் என்று மூலையில் டேப் ஒட்டி எழுதிவிட்டு ஒன்றாகவே தூக்குங்கள்.

முதல் வேலை லென்ஸ்களை மூடுவது. பழைய மெத்தென்ற துண்டை மடித்து மூன்றின் மேலும் போடுங்கள். ஏற்கெனவே லென்ஸ் மேல் சில்லு கிடந்தால் அதைத் துடைக்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள், தூளை வேக்குவம் கிளீனரின் மெல்லிய பிரஷால் தொட்டும் தொடாமலும் உறிஞ்சுங்கள். பிறகு கண்ணாடித் துண்டுகளை மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். அடித்துண்டை முதலில் உருவினால் மேலே இருப்பது அப்படியே இறங்கும். ஒருவர் பிடிக்க, ஒருவர் கிளிப்பைத் தளர்த்த வேண்டும். தோல் கையுறை, காலில் செருப்பு கட்டாயம். காற்றாடி இருக்கும் பெட்டியில் அதன் இறக்கைக்குள் சில்லு மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

புதிய கண்ணாடிக்குப் பருத்திக் கையுறைக்கு மாறிக்கொள்ளுங்கள். விரல் வியர்வையின் உப்பு பூச்சில் அப்படியே பதிந்து அரிக்கும். ஓரங்களை மட்டும் பிடியுங்கள். பூச்சுப் பக்கம் லென்ஸைப் பார்த்து, அதாவது உங்கள் கண்ணுக்குப் பளீரென்று தெரியும் பக்கம் பெட்டியின் உள்பக்கமாக வர வேண்டும். கிளிப்புகளின் அடியில் இருந்த ஃபெல்ட் துண்டுகள் நைந்திருந்தால் அதே தடிமனில் புதிது வையுங்கள். கிளிப்பை முறுக்கி இறுக்க வேண்டாம். ஒரு மூலையில் அழுத்தம் கூடினால் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் முறுகும், படத்தின் அந்த மூலை மட்டும் இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடி ஆடவும் கூடாது, அமுங்கவும் கூடாது.

சிலிக்கான் போட்டு ஒட்டலாமா என்று கேட்பீர்கள். கடைகளில் சாதாரணமாகத் தரும் சிலிக்கானைப் பிதுக்கினால் வினிகர் மாதிரி ஒரு புளித்த வாடை வரும். அது அசெட்டிக் அமிலம், மூடிய பெட்டிக்குள் அலுமினியப் பூச்சை அரிக்கும். ஒட்டியே தீர வேண்டுமென்றால் நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்கிப் பின்பக்கத்தில் மட்டும் பொட்டு வையுங்கள். ஒரு நாள் காய்ந்த பிறகு மூடுங்கள்.

படம் இடவலம் மாறித் தெரியுமா?

தெரியாது. ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பும் என்று கணக்குப் போட்டுத்தான் பெட்டியையே அமைத்திருக்கிறார்கள்.

மாற்றிய பிறகு நிறங்கள் பிரிந்து தெரிகின்றன.

மூன்று குழாய் உள்ள பெட்டியில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். மூன்று படங்களும் வேறு வேறு கோணத்தில் வந்து திரையில் ஒன்றாகச் சேர்கின்றன. கண்ணாடியின் சாய்வு இம்மி மாறினாலும் சேர்க்கை குலையும். பெட்டியைப் போட்டு அரை மணி நேரம் சூடேறவிட்ட பிறகு மெனுவில் கன்வர்ஜென்ஸ் பகுதிக்குப் போங்கள். கட்டம் கட்டமாகக் கோடு வரும். பச்சைதான் ஆதாரம். சிவப்பை நகர்த்திப் பச்சைமேல் ஏற்றுங்கள், பிறகு நீலத்தை. மூன்றும் சேர்ந்தால் கோடு வெள்ளையாகும். பச்சைக் கோடே வளைந்திருந்தால் மெனுவில் சரியாகாது. முதலில் கண்ணாடி சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் சர்வீஸ் மோடில் போய்ச் செய்ய வேண்டும். அதை அனுபவம் உள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஒற்றை விளக்கு வகையில் நிறம் பிரியாது. படம் ஒரு பக்கம் சரிந்து நின்றால் கண்ணாடியின் இருக்கையைத் திருத்தினால் போதும்.

சாரல் காலத்தில் கண்ணாடி மங்குகிறது. எப்படித் துடைப்பது?

ஆனி, ஆடியில் நம் பக்கம் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். குளிர்ந்து கிடந்த பெட்டியைப் போட்டதும் கொஞ்ச நேரம் படம் புகைபோல இருந்து, பிறகு தானாகத் தெளிந்தால் அது ஆவி. துடைக்க ஒன்றும் இல்லை.

தூசி படிந்திருந்தால் ரப்பர் பந்துக் காற்று ஊதியால் ஊதுங்கள், முக்கால்வாசி போய்விடும். வாயால் ஊதாதீர்கள். அப்படியும் போகாத புகைப்படலம், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் ஈரத் துடைப்பு. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. மருந்துக் கடைப் பஞ்சை நனைத்து, பஞ்சின் எடை மட்டும் விழும்படி மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்த பஞ்சு. கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டர் பஞ்சால் சோப்பை எடுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் உப்புப் புள்ளி நிற்கும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், சோடா, சுண்ணாம்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. காரம் அலுமினியத்தைக் கரைத்துவிடும். சிலர் பிள்ளையார் சிலைபோல விபூதி போட்டுத் தேய்க்கிறார்கள், பூச்சே போய்விடும்.

இவ்வளவு பாடுபட்டு மாற்றுவது லாபமா?

கண்ணாடியைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உடைவதற்கு முந்தைய நாள் படம் எப்படி இருந்தது? வெளிச்சமாக, நிறம் மாறாமல் இருந்தது என்றால் மாற்றலாம். வெள்ளை மஞ்சளாகியிருந்தது, லென்ஸுக்குள் திரவம் கலங்கியிருந்தது, எழுத்துகளைச் சுற்றி மூட்டமாக இருந்தது என்றால் குழாய்கள் தேய்ந்துவிட்டன. அதற்குக் கண்ணாடி போட்டுப் பணத்தை விட வேண்டாம். டிஎல்பி, எல்சிடி வகையில் விளக்கு கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கண்ணாடி தேடுங்கள்.

செலவில் என் அளவுகோல் இதுதான்: கண்ணாடி, வண்டி வாடகை, கூலி மூன்றும் சேர்ந்து ஒரு பழைய 43 அங்குல எல்இடி டிவியின் விலையை நெருங்கினால், வீட்டு உபயோகத்துக்கு எல்இடியே வாங்கிவிடுங்கள். கரன்ட் செலவும் குறையும். ஆனால் அப்பா அனுப்பிய டிவி, அம்மா இதில்தான் பார்ப்பார் என்று சொல்லி வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் கண்ணாடி தேடி அலைந்திருக்கிறேன், இனியும் அலைவேன்.

உடைந்த துண்டுகளை என்ன செய்வது?

குப்பையோடு கலக்காதீர்கள். முன்பூச்சுக் கண்ணாடியின் சில்லு மெல்லியது, பிளாஸ்டிக் பையைக் கிழித்துக்கொண்டு எடுக்கிறவர் கையில் ஏறும். செய்தித்தாளில் பொதிந்து, அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று எழுதுங்கள். துப்புரவுப் பணியாளரிடம் கையில் கொடுத்து வாயாலும் சொல்லிவிடுங்கள். கேரளப் பக்கம் இருப்பவர்கள் வீடு வீடாகக் கழிவு எடுக்க வரும் ஹரித கர்ம சேனையினரிடம் கண்ணாடி எந்த மாதம் எடுக்கிறார்கள் என்று கேட்டு அன்றைக்குக் கொடுக்கலாம், அங்கேயும் எழுதி ஒட்டித்தான். படக்குழாயையும் கழிக்கிறீர்கள் என்றால் அதை உடைக்க வேண்டாம். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. டிஎல்பி, எல்சிடி பெட்டியின் பழைய விளக்கில் பாதரசம் இருக்கிறது. இரண்டையும் முழுசாக மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.